நெட்டாலுக்குப் போன அண்ணன்

திருச்செங்கோடு வட்டாரத்தில் ரிக் வண்டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. துளை போடும் வண்டி ஒன்று, காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரஸர் வண்டி ஒன்று என்று ஜோடியாகத்தான் கிளம்பும். இந்தியாவில் இந்த வண்டிகள் போகாத மாநிலம் அநேகமாக இல்லை என்பது பழைய செய்தி. இப்போது கென்யா, தான்சானியா, உகாண்டா என்று ஆப்பிரிக்காவிலும் ஓடுகின்றன. வண்டியோடு டிரில்லர், ஹெல்பர், மெக்கானிக் என்று ஆட்களும் போகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது மிகப் பழைய கடினப்பாறை. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் அதே ஜாதிப் பாறைதான். இங்கே ஆறரை இஞ்ச் போர் போட்டுப் பழகிய கைக்கு அங்கே வேலை ஒன்றும் புதிதில்லை.

ஆகவே தம்பி உகாண்டாவில், அக்கா நாமக்கல்லில் என்று இருக்கும் குடும்பங்கள் இன்றைக்கு அதிசயம் இல்லை. அக்காவுக்குத் தம்பியைப் போய்ப் பார்த்துவிட்டு வர ஆசை என்றால் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், டிக்கெட் வேண்டும். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதை ஊரில் இருக்கும் கிளினிக்கில் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் சான்று அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் 6 நாள் தனியே வைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் 10 வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும், 2016 முதல் ஆயுளுக்கு ஒரே ஊசி போதும். அலைச்சல்தான், செலவுதான். ஆனால் போகவே கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

இதே சமவெளியிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஆள் போவது ரிக் வண்டியோடு ஆரம்பித்தது கிடையாது. அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பே சேலம் ஜில்லாக்காரர்கள் ஆப்பிரிக்காவின் ஒரு துறைமுக நகரத்தில் போய் இறங்கியிருக்கிறார்கள். அந்த நகரம் டர்பன். அங்கே போன அண்ணனைப் பார்க்க இங்கே இருந்த தங்கைக்கு வழி இருக்கவில்லை. தங்கை மகளுக்கும் இல்லை, பேத்திக்கும் இல்லை. ஏறக்குறைய 130 வருஷம் இப்படியே போனது. நடுவில் இருந்த கடலைவிட இரண்டு கரையிலும் இருந்த சட்டங்கள்தான் அகலமாக இருந்திருக்கின்றன. அந்தக் கதை இது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த நெட்டால் அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்கே கரும்பு போட்டார்கள். வெட்ட ஆள் வேண்டும். இந்தியாவில் ஒப்பந்தக் கூலிகளைத் திரட்ட ஏற்பாடு நடந்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16ந் தேதி டர்பனில் நங்கூரம் போட்டது. அதில் 342 பேர். அதுதான் முதல் கப்பல். கடைசிக் கப்பல் 1911ல் போனது. இடையில் நெட்டாலுக்குப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். முதல் கப்பலில் 1ல் ஆரம்பித்து வரிசையாக ஏறிக்கொண்டே போன நம்பர் அது. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை ராஜதானியிலிருந்து போனவர்கள். வட ஆற்காட்டுக்காரர்கள் அதிகம். அந்தப் பட்டியல்களில் சேலமும் இருக்கிறது.

சேலம் என்றால் இன்றைக்கு இருக்கும் சேலம் மாவட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய சேலம் ஜில்லா பெரியது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அதற்குள். திருப்பத்தூர்கூட 1911 வரை சேலத்தோடுதான் இருந்தது. தருமபுரி பிரிந்தது 1965ல், நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1ல். அதனால் பழைய பதிவேட்டில் ‘சேலம்’ என்று எழுதியிருப்பவரின் சொந்த ஊர் இன்றைக்கு ஐந்து மாவட்டங்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

ஏன் போனார்கள்? தாது வருஷப் பஞ்சம் என்று கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்போம். 1876ல் தொடங்கி 1878 வரை நீடித்த பஞ்சம். சேலம் ஜில்லா அதில் மிக மோசமாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்துக்கு மேல். 1881ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றால் எத்தனை பேர் செத்திருப்பார்கள், எத்தனை பேர் ஊரை விட்டே போயிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். 1860களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. சென்னைத் துறைமுகம் அதனால் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி ஆனது. ஆள் பிடிப்பவனுக்கு அது ரொம்ப சௌகரியம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சேலத்திலிருந்து வெளியே போனவர்களில் நிறையப் பேர் போன இடம் நெட்டால் இல்லை, இலங்கை. கண்டிச் சீமைக் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போவார். அங்கேயும் கொடுமை குறைவில்லை, கடன்தான் விலங்கு. ஆனாலும் இலங்கைக்குப் போனவர் திரும்பி வருவார், தம்பியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போவார். போக்குவரத்து இருந்தது. நெட்டால் அப்படி இல்லை. அது ஒப்பந்தம். ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் கூலிகள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது.

கிர்மிட் என்ன சொன்னது? ஐந்து வருஷம் வேலை. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 5 ரூபாய். வருஷத்துக்கு 1 ஷில்லிங் கூடும். சோறும் இருப்பிடமும் முதலாளி பொறுப்பு. மொத்தம் 10 வருஷம் காலனியில் இருந்தால் திரும்பி வர இலவசக் கப்பல். பத்து வருஷம்! போகும்போது தங்கைக்கு எட்டு வயது என்றால் திரும்பி வரும்போது அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

இந்த இடத்தில் சேலம், நாமக்கல் பக்கத்தில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை உறவுக்கு என்ன இடம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்ய வேண்டிய சீர். உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் முறையுள்ள ஒருத்தியைத் தேடிப்பிடித்தாவது செய்வார்கள், விட்டுவிட மாட்டார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர். சடங்குகள் சாதிக்குச் சாதி மாறும், ஆனால் தாய்மாமன் இல்லாமல் நடக்கிற காதுகுத்து எந்தச் சாதியிலும் கிடையாது. இந்தப் பக்கத்தின் பெரிய கதைப்பாட்டான அண்ணன்மார் சாமி கதையும் பொன்னர், சங்கர் என்ற இரண்டு அண்ணன்களும் அவர்கள் தங்கையும் பற்றியதுதான். படுகளத்தில் விழுந்த அண்ணன்களைத் தேடித் தங்கை போகிற இடம் வரும்போது உடுக்கைச் சத்தத்தில் கூட்டமே அழும். அந்தத் தங்கையால் படுகளம் வரைக்கும் நடந்தாவது போக முடிந்தது.

நெட்டாலுக்குப் போனவனின் தங்கை வீட்டில் காதுகுத்து வந்தால் பங்காளி முறையில் யாராவது ஒருவர் மாமனாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் டர்பனிலும் அதே குறைதான். ஒரே கப்பலில் வந்தவர்களைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். கல்கத்தாவிலிருந்து போன வடக்கத்தியர்கள் அதற்கு ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் சகோதரன், என்று பேரே வைத்திருந்தார்கள். இல்லாத அண்ணனுக்குப் பதில் கப்பல் ஒரு அண்ணனைக் கொடுத்தது.

சரி, அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கப்பலேறியிருந்தால்? அதிலும் சிக்கல். டர்பனில் இறங்கியதும் ஆட்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். புருஷன் பெண்டாட்டியையும் சின்னக் குழந்தைகளையும் பிரிக்கக் கூடாது என்று விதி. வளர்ந்த அண்ணன் தம்பிக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஒருவன் ஒரு தோட்டத்துக்கும் இன்னொருவன் நாற்பது மைல் தள்ளி வேறு தோட்டத்துக்கும் போய்விடலாம். போன பிறகு தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க முதலாளியின் எழுத்துச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் அபராதம் அல்லது ஜெயில். தம்பியைப் பார்க்கப் போனேன் என்பது சட்டத்தின் முன்னால் ஒரு காரணமே இல்லை.

பத்து வருஷம் முடித்த முதல் கூட்டம் 1871ல் சென்னைக்குத் திரும்பி வந்தது. வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள், அடித்தார்கள் என்று சென்னையில் அதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். ஏற்கெனவே 1866ல் நெட்டாலில் பணமுடை வந்ததால் ஆள் அனுப்புவது நின்றிருந்தது. இந்தப் புகார்களுக்குப் பிறகு, நிலைமையைச் சரிசெய்தால்தான் மறுபடி ஆள் தருவோம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. 1872ல் நெட்டால் ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. குடியேறிய இந்தியர்களுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவி வந்தது. 1874ல் கப்பல்கள் மறுபடி கிளம்பின. இரண்டு வருஷத்தில் இங்கே தாது வருஷம். பஞ்சத்துக்கு முன்னால் யாருக்குப் பழைய புகார்கள் ஞாபகம் இருக்கும்?

ஒப்பந்தம் முடிந்தும் நிறையப் பேர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், சின்னக் கடை வைத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கூலி வேண்டும், குடிமகன் வேண்டாம். 1895ல் ஒரு சட்டம் போட்டார்கள். புதிதாக ஒப்பந்தத்தில் வருபவர்கள் காலம் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் எழுத வேண்டும், இரண்டும் இல்லை என்றால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். முதல் வருஷக் கூலிக்காரனுக்கு அது ஆறு மாதச் சம்பளம்!

1897ல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் நம் கதைக்கு முக்கியம். அதன் முன்கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1896 டிசம்பரில் காந்தி இந்தியாவிலிருந்து கோர்லாண்ட் கப்பலில் டர்பன் வந்தார். கப்பலை மூன்று வாரத்துக்கு மேல் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்தார்கள். 1897 ஜனவரி 13ந் தேதி கரையில் வெள்ளையர் கூட்டம் கூடி ஆர்ப்பாட்டம், கீழே இறங்கிய காந்திக்கு அடி. அந்தக் கப்பலில் காந்தியோடு வந்தவர்கள் யார் என்பதை மட்டும் அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. மனைவி, இரண்டு மகன்கள், கூடவே விதவையான அக்காவின் ஒரே மகன். அக்கா பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கப்படி சாதாரண விஷயம். அதே வருஷம் வந்த சட்டத்துக்கு அது புரியாத விஷயம்.

ஏனென்றால் அந்தச் சட்டப்படி புதிதாக வருகிறவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நெட்டாலில் ஏற்கெனவே வசிப்பவரின் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாருக்கும் விலக்கு இல்லை. குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. அவ்வளவுதான். லண்டன் வீட்டுக் கணக்கை எடுத்து ராசிபுரத்து வீட்டுக்குப் போட்டுவிட்டார்கள். காப்புத் தொகை கட்டினால் குறுகிய காலத்துக்கு வந்துபோக அனுமதிச் சீட்டு இருந்தது, உண்மைதான். வியாபாரிகளுக்கு அது உதவியது. கரும்புத் தோட்டத்துக் கூலியின் தங்கை, இங்கே கொத்துக்கு வேலை செய்கிறவள், பவுண்டுக் கணக்கில் எதைக் கட்டுவாள்?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒப்பந்தக் கூலியாக வருபவர்களுக்கு மட்டும் இந்த எழுத்துப் பரீட்சை கிடையாது. ஆக, சேலத்தில் இருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத தம்பி நெட்டாலில் இருக்கும் அண்ணனைப் பார்க்க ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. அவனும் ஐந்து வருஷம் கிர்மிட்டில் கைநாட்டு வைக்க வேண்டும்! அண்ணன் இருக்கும் தோட்டத்துக்கே அனுப்புவார்களா என்பது அவன் அதிர்ஷ்டம். 1911 ஜூலையில் இந்திய அரசு நெட்டாலுக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்தது. கோகலே போன்றவர்கள் பல வருஷம் போராடிப் பெற்ற நல்ல முடிவு அது, சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரே ஓட்டை வழியும் அன்றோடு அடைபட்டது.

1910ல் நெட்டால், கேப், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் நான்கும் சேர்ந்து தென்னாப்பிரிக்க யூனியன் ஆனது. 1913ல் யூனியன் முழுமைக்கும் ஒரே குடியேற்றச் சட்டம். அதே வருஷம் மார்ச்சில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத கல்யாணங்கள் செல்லாது என்ற அர்த்தத்தில் தீர்ப்புச் சொன்னார். பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது அதனால்தான். தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போனது, 1914 பிப்ரவரியில் இறந்தது எல்லாம் நமக்குப் பாடத்திலேயே உண்டு. 1914ல் சமரசம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது, ஒரு மனைவியும் வயது வராத பிள்ளைகளும் வரலாம் என்று ஆனது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். உடன்பிறந்தவர்களைப் பற்றிய பேச்சே அதில் இடம்பெறவில்லை.

1913 சட்டம் இன்னொன்றும் செய்தது. ஒரு மாகாணத்து இந்தியர் அனுமதிச் சீட்டு இல்லாமல் இன்னொரு மாகாணத்துக்குப் போகக் கூடாது. டர்பனில் இருக்கும் தங்கை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணனைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். இது 1975 வரை நடந்தது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் கதை இன்னும் மோசம். அங்கே இந்தியர் குடியிருக்கவே கூடாது என்பது 1891ல் இருந்து சட்டம். அதை எடுக்க 1980களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

அங்கிருப்பவர் இங்கே வந்து பார்க்கலாமே என்று கேட்கலாம். வரலாம். வந்தார்கள். ஆனால் 1927ல் இரண்டு அரசுகளும் செய்துகொண்ட கேப்டவுன் உடன்பாட்டுக்குப் பிறகு அதிலும் ஒரு கெடு வந்தது. தொடர்ந்து மூன்று வருஷம் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருந்தால் அங்கே வசிக்கும் உரிமை போய்விடும். ஊருக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், கோர்ட்டு வழக்கில் மாட்டி, கெடு தாண்டிவிட்டால் அவ்வளவுதான்.

அதே உடன்பாட்டில் இன்னொரு தூண்டிலும் இருந்தது. மொத்தமாக இந்தியாவுக்கே திரும்பிப் போக ஒப்புக்கொண்டால் பெரியவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டு, சிறுவர்களுக்கு 10 பவுண்டு, கப்பல் செலவும் இலவசம். சில ஆயிரம் பேர் இதை நம்பிக் கிளம்பினார்கள். இவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள், சென்னையைப் பார்த்தது கூடக் கிடையாது. இறங்கியவர்கள் பட்ட பாட்டைப் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931ல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். கையில் இருந்த பணம் கரைந்தது, வேலை இல்லை, கடல் தாண்டி வந்தவர்களைச் சாதியில் சேர்ப்பதில் ஊரில் தகராறு. அப்பாவின் அண்ணன் வீடு என்று தேடிப்போனவர்களுக்கு அந்த வீட்டில் இடம் இருக்கவில்லை. ஐம்பது வருஷம் முகம் பார்க்காத சொந்தத்தில் பாசத்தைவிடப் பங்குப் பிரச்சினைதான் முதலில் எட்டிப் பார்க்கும் போலிருக்கிறது.

அடுத்தது 1946. இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்தது. பதிலுக்கு இந்தியா தன் ஹைகமிஷனரைத் திரும்ப அழைத்தது, அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது, விஷயத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. சுதந்திரம் கிடைக்கவே இன்னும் ஒரு வருஷம் இருந்த நிலையில், நிறவெறிக்கு எதிராக உலகத்தில் முதலில் வியாபாரத்தை முறித்த நாடு இந்தியா. 1954ல் அங்கே இருந்த தூதரக அலுவலகமும் மூடப்பட்டது. பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று முத்திரை வந்தது. அந்தப் பக்கம் 1953ல் இந்தியாவிலிருந்து மனைவிகள் வருவதற்கு இருந்த உரிமையையும் பறித்துவிட்டார்கள். அதுவரை சகோதரிக்கு மட்டும் மூடியிருந்த கதவு இப்போது மனைவிக்கும் மூடியது.

இந்தியா செய்தது சரியா தப்பா என்று கேட்டால் சரிதான். நெல்சன் மண்டேலா முதல் டர்பன் தமிழர்கள் வரை அந்தப் புறக்கணிப்பை ஆதரித்தார்கள். ஆனாலும் அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் யாருக்கும் தெரியாத சேலத்துக் கிழவிகளும் உண்டு. அண்ணனைப் பிரித்தது முதலில் வெள்ளைக்காரன் சட்டம், அப்புறம் நம் சட்டம். முதலாவது அநியாயம், இரண்டாவது நியாயம். கிழவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் கரஞ்சா என்ற கப்பல் பம்பாய்க்கும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைக்கும் இடையே 1976 வரை ஓடியது. டர்பன் தமிழர்கள் ஊர் பார்க்க, கோயில் பார்க்க, படிக்க வந்ததில் பாதிப் பேர் அதில்தான் வந்திருப்பார்கள். அது நின்ற பிறகு விமானம்தான். 1961 வரை தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்களைத் தன் நாட்டின் நிரந்தர மக்களாகவே ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போய் நூறு வருஷம் ஆகியும் விருந்தாளிகள்! விருந்தாளி வீட்டுக்கு யார் விருந்துக்குப் போவது? 1993 நவம்பரில்தான் இரண்டு நாடுகளுக்கும் மறுபடி தூதரக உறவு வந்தது. முதல் கப்பலில் இருந்து கணக்குப் போட்டால் 133 வருஷம்.

இப்போது போகலாம், வரலாம். ஆனால் யாரைப் பார்க்க?

கப்பலேறிய அண்ணனும் இல்லை, கரையில் நின்ற தங்கையும் இல்லை. இரண்டு பேருடைய நான்காவது, ஐந்தாவது தலைமுறை இருக்கிறது. டர்பனில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், சேலத்தில் கோட்டை மாரியம்மனுக்கு அதே ஆடியில் திருவிழா. டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய கூட்டம் ஈஸ்டர் சமயத்தில் கூடுகிறது. தோட்டத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது அப்போதுதான் என்று அங்கே காரணம் சொல்கிறார்கள். அங்கே நிறையப் பேருக்கு இருக்கும் ‘கோவெண்டர்’ என்ற குடும்பப் பெயர் நம் ‘கவுண்டர்’ என்பதன் திரிபு என்பார்கள். அதைக் கேட்டதும் கொங்குக்காரர்கள் மீசையை முறுக்க வேண்டியதில்லை. கவுண்டர் பட்டம் வட தமிழ்நாட்டில் பல சாதிகளுக்கு உண்டு. பெயரை வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது.

ஊரைச் சொல்வது கப்பல் பட்டியல்தான். டர்பனில் குவாசுலு நெட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதூலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பாட்டனின் நம்பர் தெரிந்தால் போதும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் எல்லாம் வரும். ஆனால் அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியது. சங்ககிரியை இன்றைக்கும் ரயில்வேக்காரன் ‘சங்கரி துர்க்’ என்றுதான் எழுதுகிறான் என்றால், 1880ல் ஒரு சின்னப் பட்டியின் பெயர் என்ன பாடுபட்டிருக்கும்! சரியாகவே எழுதியிருந்தாலும் புதுப்பாளையம் என்றும் புதூர் என்றும் தாலுகாவுக்கு நாலு ஊர் இருக்கிறது. ஜில்லா சேலம் என்று போட்டிருக்கும். அது இன்றைய ஐந்து மாவட்டங்களில் எது என்று தேட வேண்டும்.

அப்படித் தேடிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று முதலில் புரிவதில்லை. தங்கள் பாட்டனின் வாரிசுகள் இங்கே இருக்க மாட்டார்கள். பாட்டன்தான் அங்கே போய்விட்டானே. இங்கே இருப்பது அவனுடைய அண்ணன் தம்பியின் வாரிசு, இல்லை அக்கா தங்கையின் வாரிசு. அண்ணன் தம்பி வழி என்றால் பங்காளி, ஒரே பொங்கல், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அக்கா தங்கை வழி என்றால் மாமன் மச்சான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் பிரிந்த இரண்டு பேர் எந்த முறையில் உடன்பிறந்தவர்கள் என்பதை வைத்துத்தான் இன்றைக்கு வாசலில் நிற்பவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தீர்மானிக்க முடியும்.

அதைத் தீர்மானிக்க ஊர்ப் பெரியவர்கள் எப்போதும் கேட்பது ஒரே கேள்வி. சாதி தெரியும், அது காகிதத்தில் இருக்கிறது. உயரம் எத்தனை அடி, இடது கன்னத்தில் தழும்பு இருந்ததா என்றும் கேட்க மாட்டார்கள். “உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?” என்பார்கள். குலதெய்வம் எது, எந்த ஊரில் எல்லை, எந்தக் கூட்டம். அது தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் யார் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். கப்பல் பட்டியலில் அந்தக் கேள்விக்கு மட்டும் கட்டம் போடவில்லை.